ஜானவாசக் காரின் ஓட்டைகள்

திருவனந்தபுரம் கோட்டைக்குள் சமீப வருஷங்களில் கல்யாணம் செய்துகொண்ட எந்த மாப்பிள்ளையின் ஆல்பத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். அதில் வீரபாண்டி இருப்பான். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வருகிற ஜானவாசப் படத்தில், திறந்த காரின் பின் சீட்டில் மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். முன்னால், ஸ்டியரிங்குக்கு மேலே, ஒரு கொத்துத் தலைமுடி மட்டும் தெரியும். அந்த முடிதான் வீரபாண்டி.

குற்றம் போட்டோக்காரர்களுடையது. கேமராவைத் தூக்கியதும் அவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது, "டிரைவரண்ணா, ஒண்ணு குனியணுமே" என்பதுதான். மாப்பிள்ளையை மறைக்கக் கூடாதல்லவா. குனிந்து குனிந்து வீரபாண்டியின் கழுத்துக்கு அது பழகிப்போய்விட்டது. இப்போதெல்லாம் யாரும் சொல்லக்கூட வேண்டியதில்லை, கேமராவைக் கண்டாலே தலை தானாகத் தாழ்ந்துவிடும். அவனுடைய நிச்சயதார்த்தத்திலேயே அப்படித்தான் ஆயிற்று. தட்டு மாற்றுகிற நேரத்தில் போட்டோக்காரர் கேமராவைத் தூக்க, மாப்பிள்ளை லட்சணமாகக் குனிந்துகொண்டான். பொன்செல்வியின் போனில் இருந்த ஒரே படத்தில் வருங்காலக் கணவனின் உச்சந்தலையும், அதில் லேசாக விழத் தொடங்கியிருந்த வழுக்கையும் தெளிவாக விழுந்திருந்தன.

"சாலை கடையில எல்லாரும் மாப்பிள்ள எப்படின்னு கேக்குறாங்க" என்று பொன்செல்வி போனில் சொன்னாள். அவள் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள், எதையும் விரித்துக் காட்டியே பழக்கம். "நான் மண்டையக் காட்டி, இதுதான் அவுருங்கேன்."

"கல்யாணத்துல பாரு. வண்டியில பின் சீட்டுல நான். நெஞ்ச நிமித்திக்கிட்டு வருவேன்."

"பின் சீட்டோ முன் சீட்டோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். மூஞ்சி தெரிஞ்சா போதும்."

ஆனால் வீரபாண்டிக்கு எல்லாம் ஒன்றாக இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்தவன், அந்தக் காரைத் தொட்ட நாளிலிருந்து எத்தனையோ பேரை அந்தப் பின் சீட்டில் ஏற்றி இறக்கியிருக்கிறான். துடைக்கும்போதுகூட அதில் உட்கார்ந்ததில்லை. என்றைக்காவது ஒருநாள் மாலையும் கழுத்துமாக அதில் உட்கார வேண்டும், நிமிர்ந்த தலையோடு ஒரு படம் எடுக்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். அதற்காகவே கல்யாணத்தைத் தள்ளிப்போட்டான் என்று சொல்பவர்களும் உண்டு. அது பொய். பெண் அமையவில்லை.

கார் விஜயம் மாமியுடையது. மாமியின் கணவர் வெங்கடசுப்ரமணியன் ஆபீசில் இருந்த காலத்தில் திடீரென்று ஒரு கிறுக்குப் பிடித்து, ஒரு பழைய ஜீப்பின் சட்டத்தை வாங்கி, விழிஞ்ஞத்தில் மீன்பிடிப் படகு செய்கிற ஷெட்டில் கொடுத்து, அதன் மேல் ஃபைபரில் திறந்த பாடி கட்டச் சொன்னார். படகு செய்கிறவர்கள் படகுதானே செய்வார்கள். காரின் முகப்பு அலையைக் கிழிக்கப் போவதுபோல் முன்னால் நீண்டிருந்தது. கிறுக்கு தெளிந்ததும் அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார். மாமிதான் அதை ஜானவாசத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று கண்டுபிடித்தாள். ஊரில் வேறு திறந்த கார் இல்லாததால் அந்தப் படகு காரிலேயே கோட்டை மாப்பிள்ளைகள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பூ அலங்காரம் உண்டு. பூ கட்டக் கம்பி வேண்டும், கம்பியைப் பிடிக்கக் கொக்கி வேண்டும், கொக்கி நிற்க ஓட்டை வேண்டும். அலங்காரக்காரர் மைதீன் ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து என்று போட ஆரம்பித்து, கடைசியில் காரின் பாடி இட்லித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் புதிதாகப் போட அவருக்கே தேவைப்படவில்லை. எந்த இடத்தில் கையை வைத்தாலும் ஓட்டை தட்டுப்பட்டது.

யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. போன மழைக்காலத்தில், சென்னையிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை ஜானவாசம் போகும்போது, பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி வாரியடித்த சேற்றுத் தண்ணீர் ஓட்டைகள் வழியாகப் பீச்சி, அவருடைய கிரீம் நிற சூட்டில் வரிசையாகப் பொட்டு வைத்தது. பெண் வீட்டார் பேசிய பேச்சை மாமி இன்னும் மறக்கவில்லை.

ஆகவே வீரபாண்டி தன் கல்யாணத்துக்குக் காரைக் கேட்டபோது மாமி ஊஞ்சலை நிறுத்தினாள்.

"தாராளமா எடுத்துக்கோ. உனக்கில்லாத வண்டியாடா. ஆனா ஓட்டையெல்லாம் அடைச்சாகணும். நான் ஷெட்டைச் சாத்திண்டு, உள்ளே டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். வெளிச்சம் ஒரு பொட்டு வெளில வந்தாலும் வண்டி நகராது, கேட்டியோ. உனக்குன்னு இல்லை, இனிமே யாருக்கும்."

"அடைச்சிருவேன் மாமி. நானே அடைச்சிருவேன்" என்றான் வீரபாண்டி. படகு ஷெட்டில் விட்டால் கல்யாணம் முடிந்துதான் தருவார்கள், சீசன் நேரம். அதனால் 'நானே' என்று வந்துவிட்டது. எப்படி அடைப்பது என்று அவனுக்குத் தெரியாது.

முதலில் வீட்டுக் குழாய் ஒழுகினால் பிசைந்து வைக்கிற பசையை வாங்கிவந்து ஒவ்வொரு ஓட்டையிலும் அப்பினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், சுண்டைக்காய் உதிர்ந்த மாதிரி எல்லாம் தரையில் கிடந்தன. பிறகு விழிஞ்ஞத்துக்கே போய், படகு ஷெட்டில் விஷயத்தைச் சொன்னான். அவர்கள் சிரித்துவிட்டு, ஒரு டப்பா ரெசின் பசையும், அதை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு சின்ன பாட்டிலும், பஞ்சு மாதிரி வெள்ளையாக 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பு ஒரு சுருளும் கொடுத்தார்கள். ஓட்டையின் விளிம்பைச் சுற்றி உப்புத்தாள் போட்டுத் தட்டு மாதிரி சரிவாகத் தேய்க்க வேண்டும். உள்பக்கம் டேப் ஒட்ட வேண்டும். மேட்டைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்து, ஹார்டனர் கலந்த ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற வைக்க வேண்டும். இறுகியதும் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். "ஹார்டனர் துளித் துளியா மதி கேட்டோ" என்று மட்டும் ஒருவர் இரண்டு தரம் எச்சரித்தார்.

வீரபாண்டிக்குக் கல்யாண அவசரம். துளித் துளியாக ஊற்ற அவனுக்கு எங்கே பொறுமை. சீக்கிரம் இறுகட்டும் என்று நன்றாகச் சாய்த்து ஊற்றிக் கலக்கினான். முதல் ஓட்டையில் மேட்டை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பிளாஸ்டிக் கப் சூடாகிப் புகைந்தது. பிரஷ்ஷை எடுக்கப் போனான். கப்பும் சேர்ந்து வந்தது. கப்பை உதறினான். அப்போது மாமியின் ஷெட்டுத் தரையில் அவன் வைத்திருந்த ஹவாய்ச் செருப்பின் மேல் ஒரு கட்டி விழுந்து, செருப்பும் தரையும் ஒன்றாயின. அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாமி அதைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தரம் துளிக் கணக்கில் கலந்தான், சரியாக வந்தது. சில நாளில் கை பழகிவிட்டது. ஓட்டை ஓட்டையாக அடைபட அடைபட, அவனுக்கே ஒரு கர்வம் வந்தது. அடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பான். தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தடவுவான். தெரியாது. தன் தலைமுடிக்கும் இப்படி ஒரு வைத்தியம் இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் தேய்க்கிறபோது பறக்கிற தூள் இருக்கிறதே, அது கண்ணாடி. சட்டைக் காலருக்குள், இடுப்பு மடிப்புக்குள், முழங்கை வளைவுக்குள் எல்லாம் புகுந்துகொண்டு அரித்துத் தள்ளியது. வெந்நீரில் குளித்தால் போகும் என்று குளித்தான். நார் இன்னும் சௌகரியமாக உள்ளே இறங்கிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் பொன்செல்வியின் அத்தை வடிவாம்பாள், முறைக்குப் பலகாரம் கொடுக்க அவன் வீட்டுக்கு வந்தாள். வீரபாண்டி ஒரு கையால் முறுக்குத் தட்டை வாங்கினான், மறு கையால் முதுகைச் சொறிந்தான். உட்காருங்க என்றான், தொடையைச் சொறிந்தான். அத்தை காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

அரை மணியில் போன் வந்தது. "உங்களுக்கு ஒடம்புல ஏதும் இருக்கா?" பொன்செல்வியின் குரல் என்றைக்கும் இல்லாதபடி மெதுவாக இருந்தது. "அத்தை அழுவுது. இப்பவே சொல்லிருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. அது வண்டி."

"வண்டிக்குச் சொறியா?"

அவன் ஓட்டைகளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். மறுபக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம். "சரி, நான் அத்தைகிட்ட சொல்லிக்கிடுதேன். நீங்க பச்சத் தண்ணியில குளிங்க. ஒரு போட்டோவுக்காக இப்படியா மனுஷன் அரிச்சுச் சாவாரு." சிரித்தாலும் அந்தக் கேள்வியில் பாசம் இருந்தது. வீரபாண்டி அன்றைக்கு அரிப்பைப் பொருட்படுத்தவில்லை.

பெயிண்ட் காய்ந்த அன்று மாமி டார்ச்சோடு வந்தாள். ஷெட்டைச் சாத்தினாள். காருக்குள் வெளிச்சத்தை அடித்து, வீரபாண்டியை வெளியே சுற்றிவரச் சொன்னாள், அவன் சொல்வதை நம்பாமல் தானும் சுற்றி வந்தாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வெங்கடசுப்ரமணியனைக் கூப்பிட்டு அவரையும் சுற்றவிட்டாள். ஒரு பொட்டு இல்லை.

"பேஷ்" என்றாள் மாமி. "கல்யாணத்தன்னிக்கும் ஒருதரம் பார்ப்பேன், ஆமா."

அடுத்த கவலை டிரைவர். தான் பின் சீட்டில் என்றால் முன் சீட்டில் யார்? அந்தக் காரின் கிளட்ச்சுக்குத் தனிக் குணம். கொஞ்சம் விட்டால் நகராது, இன்னும் கொஞ்சம் விட்டால் தவளை மாதிரி தாவி நின்றுவிடும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் அது இணங்கும், அந்த இடம் வீரபாண்டியின் இடது காலுக்கு மட்டுமே தெரியும். தம்பானூர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற அவன் சிநேகிதன் அனில், "ஞான் ஓட்டாம் அண்ணா, பேடிக்கண்டா" என்று, பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் தைரியமாக முன்வந்தான். மாமி வீட்டுக் காலி மனையில் பழக்கிப் பார்த்தார்கள். நாலு சுற்று ஒழுங்காக ஓட்டினான். காலி மனையில் யார்தான் ஒழுங்காக ஓட்ட மாட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், வீரபாண்டி பட்டு வேட்டி சட்டையில், நெற்றியில் சந்தனமும் கழுத்தில் மாலையுமாகப் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலுக்கு வந்தான். கார் தயாராக நின்றது. தோவாளையிலிருந்து வந்த பிச்சியும் செவ்வந்தியும் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை வளைவு வளைவாகத் தொங்கின. இவ்வளவு அழகாக அந்தக் கார் எந்த மாப்பிள்ளைக்கும் நின்றதில்லை.

பிறகு அவன் மைதீனைப் பார்த்தான். மைதீன் ஒரு கையில் டிரில் மெஷினோடு, மறு கையால் துண்டை உதறிக்கொண்டிருந்தார். துண்டிலிருந்து வெள்ளையாகத் தூள் பறந்தது. அந்தத் தூளை வீரபாண்டியின் தோலுக்கு நன்றாகத் தெரியும். பார்த்த மாத்திரத்திலேயே கழுத்து அரித்தது.

"மைதீன் பாய், என்ன செஞ்சீக?"

"அத ஏன் கேக்குத. மத்தியானம் வந்து கொக்கி மாட்டலாம்னு தடவுதேன், ஒரு ஓட்டையையும் காணும். வழக்கமா கண்ண மூடிக்கிட்டு மாட்டுவேன்லா. எந்தப் பய அடச்சானோ தெரியல. சரி, நம்ம பாண்டி கல்யாணம், விட முடியுமான்னு எல்லாத்தையும் புதுசாப் போட்டுட்டேன். பழைய இடத்துலயேதான் போட்டிருக்கேன், ஒண்ணுகூட மாறல." அவர் முகத்தில் நல்ல காரியம் செய்த நிறைவு. "அடச்சவன் வேலை தெரிஞ்சவன்வே. டிரில்லு எறங்க என்ன பாடு பட்டுச்சு."

வீரபாண்டிக்கு அழுவதா இந்த மனுஷனைக் கட்டிப் பிடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரம் இல்லை. டார்ச்சும் கையுமாக விஜயம் மாமி ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

மாமி காரைச் சுற்றினாள். ஓட்டைகள் எல்லாவற்றிலும் கொக்கி இருந்தது, கொக்கி மேல் பூ இருந்தது. டார்ச் அடித்தாள், வெளிச்சம் வரவில்லை. வீரபாண்டி மூச்சை விடலாமா என்று யோசிக்கும்போது, மாமி மைதீனின் முகத்துக்கு நேரே டார்ச்சைத் திருப்பினாள்.

"மைதீன், உன் புருவத்துல என்னடா மாவு?"

மைதீன் புருவத்தைத் துடைத்தார். மாமி ஒரு செவ்வந்தியை விலக்கினாள். இன்னொன்றை விலக்கினாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வீரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான், அது அவனுக்குக் கைவந்த கலை.

"மாமி, வண்டி வேணாம். ஆட்டோவில போயிக்கிடுதேன்" என்றான்.

மாமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பட்டு வேட்டிக்கு மேலே, சட்டைக் கையை மீறி, முன்கை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அடைக்க அவன் பட்ட பாட்டை அந்தக் கையே சொல்லிற்று.

"ஏறு வண்டியில. அடைச்சவனுக்கு அவமானம் பண்ண நான் வரலை." மைதீனின் கையிலிருந்து டிரில் மெஷினைப் பிடுங்கினாள். "ஆனா நானும் வரேன். இதை உன் கைல விட்டா மண்டபத்துக்குள்ள இன்னும் நாலு போட்டுடுவே."

இப்படியாக ஊர்வலம் கிளம்பிற்று. பின் சீட்டில், தன் வாழ்நாள் ஆசையில், வீரபாண்டி உட்கார்ந்தான். பக்கத்தில் மடிசார் மாமி, மடியில் டிரில் மெஷின். முன் சீட்டில் அனில். மெத்தை அவன் நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது. ஆனால் உயரம். எல்லாரும் தெரிந்தார்கள், எல்லாருக்கும் அவன் தெரிந்தான். பூக்கடைக்காரிகூடக் கையாட்டினாள். அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் வரை எல்லாம் நலம். அங்கே சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் அனில் கிளட்ச்சை விட்டான். கார் தவளையாகத் தாவி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தான், மறுபடி தாவியது. பின்னால் ஒரு அரசு பஸ் ஹார்னை அழுத்தியது, அதற்குப் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மேளத்தைவிட ஹார்ன் பெரிதாகிவிட்டது. கருகிய வாடை கிளம்பிற்று.

"மெல்ல விடு அனிலு. பாதியில நிறுத்து. அந்தப் பாதி இல்லடா, இந்தப் பாதி" என்று வீரபாண்டி பின்னாலிருந்து கத்தினான். அவன் இடது கால் பின் சீட்டுத் தரையில் தானாக அமுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இதெனக்குப் பற்றில்லா" என்று கைவிரித்தபடி அனில் திரும்பினான். முகமெல்லாம் வேர்வை.

வீரபாண்டி பின் சீட்டைப் பார்த்தான், எவ்வளவு நாள் ஆசை. கருகுகிற வாடையை மூக்கில் இழுத்தான். அந்த வாடையை அவனால் பொறுக்க முடியவில்லை, தன் குழந்தையை யாரோ அடிப்பதுபோல் இருந்தது. "எறங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு, மாலையும் பட்டு வேட்டியுமாகச் சீட்டைத் தாண்டி முன்னால் குதித்தான். கால் கிளட்ச்சைத் தொட்டதும் கார் பசு மாதிரி நகர்ந்தது. பின் சீட்டில் மாமி மட்டும் இருந்தாள். வழியெல்லாம் ஜனங்கள் மாப்பிள்ளையைத் தேடி, மாமியைப் பார்த்து, குழம்பி, அவளுக்கே கையாட்டினார்கள். மாமியும் மரியாதைக்குப் பதிலுக்கு ஆட்டினாள்.

அட்டக்குளங்கரை மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். கார் நின்றதும் வடிவாம்பாள் அத்தை வழக்கப்படி நேராகப் பின் சீட்டுக்குப் போய்த் தட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். பாதிச் சுற்றில்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கெதுக்கும்மா ஆரத்தி" என்றாள் மாமி. "உங்காத்து மாப்பிள்ளை முன்னாடின்னா இருக்கான்."

எல்லாரும் திரும்பினார்கள். வீரபாண்டிக்கு உடம்பு கூசிற்று. கடைசியில் டிரைவர் டிரைவராகத்தான் வந்து சேர்ந்திருக்கிறான். பின் சீட்டு கொஞ்ச தூரம்தான் அவனுக்கு என்று எழுதியிருந்தது போலும்.

போட்டோக்காரன் கௌசிக் கோட்டைக்குள் வளர்ந்த பையன், இந்தக் காரைப் படம் எடுத்தே தொழில் கற்றவன். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், இந்த வாசகத்தைச் சொல்லாமல் அவனால் பட்டனை அழுத்த முடியாது.

"டிரைவரண்ணா, ஒண்ணு குனியணுமே."

வீரபாண்டி குனிந்தான். மாலை ஸ்டியரிங்கில் உரசியது. மண்டபத்து வாசலில் யாரோ ஒருத்தர் சிரித்தார், பிறகு பலர் சிரித்தார்கள்.

மேலே மாடி ஜன்னல் திறந்தது. கல்யாணப் பெண் முகூர்த்தத்துக்கு முன்னால் ஜன்னல் பக்கம் வரவே கூடாது என்று வடிவாம்பாள் அத்தை கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். தலை நிறையப் பூவோடு பொன்செல்வி பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள்.

"ஏங்க, குனியாதீங்க" என்றாள். கடையில் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல், மேளத்தைத் தாண்டி வந்தது. "அங்கனயே இருங்க. அப்படியே நிமிந்து உக்காருங்க. தம்பி, எடு."

சிரிப்பு நின்றது. அவன் நிமிர்ந்தான். சுலபமாக வரவில்லை, கழுத்து பாதியில் ஒருதரம் நின்றது, கிளட்ச் மாதிரி. பிறகு இணங்கி முழுசாக மேலே வந்தது. ஜன்னலைப் பார்த்தான். கௌசிக் பட்டனை அழுத்தினான்.

அந்தப் படம் இப்போது பொன்செல்வியின் போனில் முகப்பாக இருக்கிறது. பின் சீட்டில் மடியில் டிரில் மெஷினோடு விஜயம் மாமி. முன் சீட்டில் மாலையும் கழுத்துமாக, கண் கலங்கி, முழு முகத்தோடு வீரபாண்டி. கடையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை யாரென்று கேட்கிறார்கள். பொன்செல்வி படத்தை விரலால் பெரிதாக்கி, முன் சீட்டைக் காட்டுகிறாள்.